நிறைவேறியது

கேள்வி: தினமும் நடை, வாரம் ஒரு புத்தகம், சர்க்கரையைக் குறைப்பது என்று ஒவ்வொரு புத்தாண்டிலும் தீர்மானம் எடுக்கிறேன். பொங்கலைத் தாண்டுவதில்லை. உடம்பையும் மனதையும் வருத்தாமல், டிசம்பர் வரை தாக்குப்பிடிக்கிற மாதிரி எப்படித் தீர்மானம் எடுப்பது?
- ஒரு வாசகி, கோட்டையூர்.

பதில்: ஆச்சி, கோளாறு உங்களிடம் இல்லை, 'தீர்மானம்' என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் தீர்மானத்தை என்ன செய்கிறோம்? நிறைவேற்றுகிறோம். கையைத் தூக்கினால் போதும், நிறைவேறிவிட்டது. அதன்பிறகு செய்ய என்ன மிச்சம்? டீயும் பக்கோடாவும்தான்.

நான் ஒரு காலத்தில் ஊர்ச் சங்கம் ஒன்றில் செயற்குழு உறுப்பினன். (பேர் வேண்டாம். இன்னமும் சந்தா பாக்கி கேட்டு ஆள் வருகிறது.) முதல் கூட்டத்திலேயே ஊருணியைத் தூர்வாருவது என்று தீர்மானம். ஏகமனதாக நிறைவேறியது. மறு வருஷமும் நிறைவேறியது. மினிட் புத்தகத்தைப் புரட்டினால் எங்கள் ஊருணி ஆறு தடவை தூர்வாரப்பட்டிருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் ஆகாயத்தாமரை. ஏழாம் வருஷம், "நிறைவேறியது என்பதற்குப் பதிலாக 'கை தூக்கினோம்' என்று எழுதுங்கள்" என்று ஒரு திருத்தம் கொடுத்தேன். தோற்றது. அதையும் 'ஏகமனதாக' என்றே எழுதினார்கள். எதிர்த்த என்னுடையதை அவர்கள் மனம் என்றே கணக்கில் சேர்க்கவில்லை.

மிருதங்கக்காரர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் 'தீர்மானம்' என்கிற முத்தாய்ப்புச் சொற்கட்டை வைப்பது வாசித்து முடிக்கிற இடத்தில். மூன்று தடவை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். நாம் வாத்தியத்தை உறையிலிருந்து எடுக்கும் முன்பே வைத்துவிடுகிறோம்.

சரி, எப்படி என்று கேட்டீர்கள். நம் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு இப்போதுதானே முடிந்தது? திருக்கார்த்திகை தொடங்கி நாளுக்கு ஓர் இழையாகக் கோடி வேட்டியிலிருந்து உருவி வைக்கிறோம். 21 நாள். சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடுகிற அன்று 21 இழையும் ஒரே திரியாகி, நெய்யில் தோய்ந்து, மாவுப் பிள்ளையாரில் ஏறி எரிகிறது. அதைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறோம். நெருப்பு விழுங்குகிற கூட்டம் நாம்! ஆனால் 'இந்த வருஷம் நெருப்பு விழுங்குவேன்' என்று கார்த்திகையன்று எவரும் டைரியில் எழுதி நான் பார்த்ததில்லை. அன்றைய வேலை ஓர் இழை, அவ்வளவுதான். எங்கள் ஆயா அடுப்படிக்குப் போகிற வழியில் அதை முடித்துவிடுவார்கள். என்றைக்காவது விட்டுப்போனால் மறுநாள் இரண்டாக எடுத்து வைப்பார்கள். 'கெட்டது போ, அடுத்த கார்த்திகையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று வேட்டியை மடித்து வைத்ததில்லை. நீங்கள் பொங்கலன்று மடித்து வைத்துவிடுகிறீர்கள்.

வாரம் ஒரு புத்தகம் என்கிறீர்கள். இதைக் கோட்டையூரிலிருந்து என்னிடம் கேட்பது நியாயமா? உங்கள் ஊர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று கைக்குக் கிடைத்ததை விடாமல் சேர்த்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் ஆயிற்று. 1992-ல் அவர் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994-லிருந்து சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. வீட்டுக்கு வீடு பர்மாத் தேக்கில் நிலை வைத்த செட்டிநாட்டுச் சீமையில், அத்தனை புத்தகத்துக்கு நாலு அலமாரி போட ஆள் இல்லையா? இது என் பழைய புலம்பல். உதவி ஆசிரியர் இதுவரை நாலு தடவை வெட்டியிருக்கிறார். இந்த வாரம் அவர் லீவு.

வாரம் ஒன்று வேண்டாம், ஆச்சி. படுக்கும் முன் இரண்டு பக்கம் போதும். நடையா? ஊருணியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். இரண்டாவது சுற்றுக்கு ஆசை வந்தாலும் போகாதீர்கள். அந்த ஆசை மறுநாள் காலையில் எழுப்ப உதவும்.

சர்க்கரையைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. எதிரே தட்டில் ஆறு கருப்பட்டிப் பணியாரம் இருந்தது. நாலோடு நிறுத்துவதென்று ஏகமனதாக நிறைவேறியது. தட்டு காலி.