பாடிப் பார்க்காமல் திருத்தாதீர்கள்

கேள்வி: பாடசாலையில் சங்கீதம் கற்பிக்கிறேன். உயர்தர மாணவர்களைச் சிட்டைஸ்வரம் (கீர்த்தனையோடு பாட முன்கூட்டியே அமைக்கும் ஸ்வரக் கோவை) எழுதப் பழக்குகிறேன். சென்ற தவணை "விரும்பியதை எழுதுங்கள்" என்றேன். பாதிப்பேர் எதுவும் எழுதவில்லை. மற்றவர்கள் சினிமா மெட்டுகளை ஸ்வரப்படுத்திக் கொண்டு வந்தார்கள். இந்தத் தவணை இலக்கணத்தை இறுக்கினேன். நன்றாகப் பாடும் மாணவன் ஒருவன் மோகன இராகத்தில் 'சநிதப' என்று, அதற்கு உரியதல்லாத நிஷாதம் ('நி') போட்டிருந்தான். பாடிப் பார்க்க நேரமில்லாததால் இடைவேளையிலேயே கொப்பிகளைத் திருத்தினேன். அவனுடையதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டேன். அதன் பிறகு அவன் எழுதுவதே இல்லை. தகப்பன் வெளிநாட்டில், தாயின் சொல்லையும் கேட்பதில்லையாம். விதியா, சுதந்திரமா? பரீட்சை முடியும்வரை இதை நிறுத்திவிடலாமா?
– ஆசிரியை, சுன்னாகம்

பதில்: சகோதரி, "பாடிப் பார்க்க நேரமில்லாததால்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத் தாண்டிப் போக மாட்டேன். கணக்குக் கொப்பியை அப்படித் திருத்தலாம். ஒரு பிள்ளை செய்த ஸ்வரத்தை வாய்திறந்து ஒருமுறை பாடாமல் ஒரு சங்கீத ஆசிரியை எப்படி வெட்டினீர்கள்? சென்ற தவணை சுதந்திரம் கொடுத்தபோதாவது பாடச் சொல்லிக் கேட்டீர்களா? கடிதத்தில் அதுவும் இல்லை. தவணைக்குத் தவணை முறையை மாற்றினீர்கள்; இரண்டிலும் பிள்ளைகளின் ஸ்வரம் எவர் காதிலும் விழவில்லை.

மோகனத்தில் நிஷாதம் பிழைதான். புதுமை என்று அதை விட்டிருந்தால் இதைவிடக் கடுமையாக எழுதியிருப்பேன். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? சரிகபதச என்று மோகனம் ஏறுவதைப் போலவேதான் பிலஹரி இராகமும் ஏறுகிறது. இறங்கும்போது சநிதபமகரிச என்று நிஷாதத்தையும் மத்திமத்தையும் ('ம') சேர்த்துக்கொள்கிறது. ஆரம்ப வகுப்பில் பிலஹரி ஸ்வரஜதி (ஸ்வரமும் அதற்கான சொற்களுமாகப் பாடும் உருப்படி) படித்த பிள்ளையின் காதில் அந்த இறக்கம் தங்கியிருக்கலாம். பாடியிருந்தால், மேல்ஷட்ஜத்திலிருந்து (மேல் 'ச') நிஷாதத்தைத் தொட்ட இடத்திலேயே மோகனம் கலைவது அவனுக்கே கேட்டிருக்கும். சிவப்புக் கோட்டிலிருந்து அவன் என்ன கற்றான்? பிழை என்பதை மட்டும்.

தகப்பன் வெளிநாட்டில் என்பதை ஒரு காரணம்போல எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் அப்படியான வீடுகள் எத்தனை! வகுப்பில் இருக்கும் நேரத்துக்கு ஆசிரியரே பெற்றவர் என்று நம்புகிறவள் நான். எவர் சொன்னாலும் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். பிள்ளை தானாகச் செய்த ஒன்றை நீட்டும்போது இருந்து கேட்பது பெரியவர்களின் கடமை. தகப்பன் தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கடமை இரட்டிப்பாகிறது.

விதியைத் தளர்த்த வேண்டாம். இடத்தைக் குறுக்கிக் கொடுங்கள்: ஒரே இராகம், ஆதிதாளம், இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), முடிப்பு பல்லவியின் எடுப்பில் (அது தொடங்கும் இடத்தில்) சரியாகச் சேர வேண்டும். உள்ளே எப்படிப் போவது என்பது அவர்கள் பாடு. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகள் தம் பைரவி இராக ஸ்வரஜதியில் எட்டுச் சரணங்களையும் ச, ரி, க, ம, ப, த, நி, ச என்று வரிசையாக ஒவ்வொரு ஸ்வரத்தில் தொடங்கினார். எந்த இலக்கணமும் அவரிடம் கேட்காத கட்டுப்பாடு அது. ஆடலுக்குரியதாக இருந்த ஸ்வரஜதியைக் கச்சேரியில் பாடும் உருவாக மாற்றியவரும் அவரே. இந்த இரண்டையும் ஒரே பாடத்தில் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்குப் பக்கத்து இணுவிலில் வீரமணி ஐயர் 72 மேளகர்த்தா (தாய்) இராகங்களிலும் கீர்த்தனைகள் இயற்றினார் என்பதையும் சொல்லுங்கள். உருப்படி செய்வது தஞ்சாவூர்க்காரர் வேலை என்றே நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சினிமா மெட்டோடு வந்தவர்களைத் துரத்தாதீர்கள். காதால் கேட்டு ஸ்வரத்தைப் பிடித்திருக்கிறார்களே, அது சிறிய காரியமா?

அந்த மாணவனைக் கூப்பிடுங்கள். பாடாமல் வெட்டியது என் தவறு என்று அவனிடம் சொல்லுங்கள். சொல்வதால் உங்கள் மதிப்பு குறையாது. அவன் எழுதியதைச் சுருதியோடு நீங்களே பாடுங்கள், நிஷாதத்தோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை. எந்த இராகம் வேண்டும் என்று கேளுங்கள். மோகனம் என்றால் நிஷாதத்தை அவனே எடுக்கட்டும். பிலஹரி என்றால் மத்திமத்தையும் சேர்த்து இறக்கத்தை ஒழுங்காக எழுதி வரட்டும்.

பரீட்சைவரை நிறுத்தக் கூடாது. கிழமைக்கு ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தாளம் போட்டுத் தாங்கள் எழுதியதைப் பாடிக் காட்டிய பிறகே கொப்பியைக் கையில் வாங்குங்கள்.