செவலைக் குட்டி தேறுமா? (கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். குதிரைகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் ஜூலை கடைசியில் மகனை அழைத்துக்கொண்டு சாரடோகா ரேஸ் பார்க்கப் போனேன். அவனுக்குப் பதினோரு வயது. இரண்டு வயதுக் குதிரைகளுக்கான மெய்டன் ரேஸ் ஒன்று (இதுவரை ஜெயிக்காதவை ஓடுவது), ஐந்தரை ஃபர்லாங், அதாவது சுமார் 1.1 கிலோமீட்டர். நாலு காலும் வெள்ளையாக இருந்த ஒரு செவலைக் குட்டியை "இதுதான் என் குதிரை" என்றான். கேட் திறந்ததும் அது தடுமாறியது. நேர்பாதைக்கு வந்தபோது தலையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஒன்பதில் எட்டாவது. வரும் வழியெல்லாம் பையன் அழுதான். "இது தேறாதுடா, வேற ஒண்ணைப் பிடிச்சுக்கோ" என்றேன், கேட்கவில்லை. இப்போது தினமும் போனில் அதன் பெயர் அடுத்த ரேஸில் வருகிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறான்.

என் கேள்விகள்: இரண்டு வயதில் ஓடவிடுவது கொடுமை இல்லையா? கோடையில் ஓடுகிற குட்டிகளைப் பார்த்து அடுத்த வருட கென்டக்கி டெர்பிக் குதிரையைச் சொல்ல முடியுமா? ஓடிய வேகத்துக்கு மதிப்பெண் போடுகிற ஸ்பீடு ஃபிகரை நம்பலாமா? குழந்தையைச் சூது நடக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனது தப்பு என்கிறார் மனைவி. அது சரியா?

சரவணன்

*

அன்புள்ள சரவணன்,

சூது பற்றிய கேள்வியை முதலில் தள்ளிவைத்துவிடலாம். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று நம் உச்ச நீதிமன்றம் 1996-ல், கிண்டி ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஆனால் உங்கள் மனைவி கேட்பது சட்டம் இல்லை, வீட்டு விஷயம். அதில் நான் நுழைய மாட்டேன். பையன் கையில் பந்தயச் சீட்டைக் கொடுக்காதவரை எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஸ்பீடு ஃபிகரும் இப்போது வேண்டாம். ஒரே ஒரு ஓட்டம் ஓடிய குட்டிக்கு எண்ணைப் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்?

பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கேள்விகளுக்காக இல்லை, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு சொல்லுக்காக. "தேறாது." பதினோரு வயதுப் பிள்ளை ஒரு ஜீவனைத் தன்னுடையது என்று வரித்துக்கொண்டிருக்கிறான். அது ஒரே ஒருமுறை, ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாக ஓடியதைப் பார்த்துவிட்டு நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். எதைப் பார்த்து எழுதினீர்கள்? அந்தக் குட்டியின் வயதையாவது பார்த்தீர்களா?

"இரண்டு" என்பீர்கள். அந்த ரேஸில் ஓடிய ஒன்பதுக்கும் வயது இரண்டுதான். நம் ஊரில் ஒரு தலைமுறைக்கே வாத்தியார் போட்ட பிறந்த தேதி உண்டல்லவா, அப்படித்தான் இதுவும். பூமியின் வடபாதியில் பிறக்கும் எல்லாத் தரோபிரெட் (பந்தய இன) குதிரைகளுக்கும் அதிகாரபூர்வப் பிறந்தநாள் ஜனவரி 1. தென்பாதியில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் ஆகஸ்ட் 1. ஜனவரி 20-ல் பிறந்த குட்டியும் மே 20-ல் பிறந்த குட்டியும் ஒரே வயதாக ஒரே கேட்டில் நிற்கும். ஜூலை 20 அன்று முதல் குட்டிக்கு முப்பது மாதம் ஆகியிருக்கும், அடுத்ததற்கு இருபத்தாறு மாதம். முன்னங்கால் முட்டிக்கு மேலே இருக்கும் வளர்ச்சித் தட்டு பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் இரண்டரைக்கும் நடுவில்தான் எலும்பாக மூடிக்கொள்ளும். நிதானமான ட்ரெய்னர்கள் எக்ஸ்ரே எடுத்து அது மூடிவிட்டதா என்று பார்த்த பிறகே வேகம் கொடுப்பார்கள். அந்த நாலு மாத வித்தியாசத்துக்கு எலும்பிலேயே கணக்கு இருக்கிறது.

இந்தத் தேதிக்காகத் தாய்க்குதிரைகளைப் படுத்தும் பாடு எனக்கு ஆறவே ஆறாது. பெண்குதிரைக்குப் பகல் நீளும் மாதங்களில்தான் இயல்பாகப் பருவம் வரும். சுமப்பது பதினோரு மாதம். இயற்கையின் போக்கில் விட்டால் புல் நன்றாக வளர்ந்து நிற்கிற ஏப்ரலிலும் மே மாதத்திலும் குட்டிகள் பிறக்கும். சந்தைக்கு அது போதவில்லை. ஜனவரி, பிப்ரவரியில் பிறந்து ஏலத்தில் பெரியதாகத் தெரிய வேண்டும். அதனால் டிசம்பர் தொடக்கத்திலேயே லாயத்தில் விளக்கைப் போட்டு, பகலும் விளக்குமாகச் சேர்த்துப் பதினாறு மணி நேர வெளிச்சம் காட்டுகிறார்கள். உடம்பு வசந்தம் வந்துவிட்டதென்று நம்பிவிடுகிறது. பிப்ரவரி நடுவிலேயே பொலி சேர்க்கும் வேலை தொடங்கிவிடும். அடுத்த ஜனவரியில், கென்டக்கிப் பனியில் நடுங்கிக்கொண்டு ஒரு குட்டி விழும். இது காகிதத்துக்காக நடக்கிற காரியம். கொடுமை எங்கே என்று கேட்டீர்களே, அதை நான் அந்த விளக்கிலிருந்துதான் தொடங்குவேன்.

காகிதத்துக்குப் பிந்திப் பிறந்தவை என்ன ஆகின்றன? கனடாவில் நார்தர்ன் டான்சர் என்ற குதிரை பிறந்தது 1961 மே 27. உருவம் குட்டை. ஒரு வயதில் 25,000 டாலர் என்று விலை சொல்லியும் வாங்க ஆளில்லை, பண்ணைக்காரரே வைத்துக்கொண்டார். 1964 மே 2 அன்று அது கென்டக்கி டெர்பியைச் சரியாக இரண்டு நிமிடத்தில் ஓடி வென்றது. அதுவரை யாரும் ஓடாத நேரம். மூன்று வயதுக் குதிரைகளுக்கான அந்தப் பந்தயத்தை ஜெயித்த அன்று அதற்கு நிஜத்தில் மூன்று வயது முடியவில்லை. வேண்டாம் என்று போனவர்கள் எல்லாரும் குதிரை தெரிந்தவர்கள்தான், சரவணன். கண்ணுக்குத் தெரிந்த அளவை அதுதான் முழு அளவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

செக்ரடேரியட்டை நீங்கள் அறிவீர்கள். 1973-ல் பெல்மான்ட் ஸ்டேக்ஸை 31 லெங்த்தில், அதாவது 31 குதிரை நீள இடைவெளியில், ஜெயித்த குதிரை. அதன் முதல் ஓட்டம் 1972 ஜூலை 4, அக்விடக்ட் மைதானம், உங்கள் குட்டி ஓடிய அதே ஐந்தரை ஃபர்லாங். கேட்டிலிருந்து வந்ததும் பக்கத்துக் குதிரை இடித்தது. வழியில்லாமல் பின்னால் மாட்டிக்கொண்டு கடைசியில் நாலாவதாக வந்தது. அடுத்து அதே மாதம் இரண்டு வெற்றி, ஆகஸ்டில் சாரடோகாவில் சான்ஃபோர்ட், ஹோப்ஃபுல் பந்தயங்கள் இரண்டும். உங்கள் செவலையும் செக்ரடேரியட் ஆகிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆகாது. ஒரு பெரிய பந்தயம்கூட ஜெயிக்காமல் போகலாம், அதுதான் நடக்க அதிக வாய்ப்பு. ஆனால் தோற்றது எப்படித் தோற்றது என்று பார்க்காமல் எத்தனையாவதாக வந்தது என்று மட்டும் பார்ப்பதற்கு அங்கே போக வேண்டியதில்லை, மறுநாள் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆல்பனியில் வேலை பார்த்த வருடங்களில் கோடை வந்தால் விடியற்காலையில் சாரடோகாவுக்குப் போய்விடுவேன். மெயின் ட்ராக்குக்கு எதிரே, யூனியன் அவென்யூவைத் தாண்டினால் ஓக்லஹோமா என்கிற பயிற்சி ட்ராக். அங்கே வேலியோரம் நின்றால் குட்டிகள் மூச்சு விடுவது காதில் கேட்கும். ஒரு கோடை முழுக்க ஒரு ஃபில்லியை, அதாவது இளம் பெண்குதிரையை, தொடர்ந்தேன். பழுப்பு நிறம், நெற்றியில் விரல்நுனி அளவு வெள்ளை. முதலில் பார்த்தது கேட் பழக்கும் இடத்தில். உள்ளே நுழைய மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. யாரும் அடிக்கவில்லை. இரண்டு பேர் பின்னால் கைகோத்து மெல்ல நெம்பினார்கள். உள்ளே போனதும் பின்கதவை மூடாமலே நிற்கவைத்து, முன்கதவைக் கையால் திறந்து, நடத்தியே வெளியே அனுப்பினார்கள். மறுபடியும் அதே. காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கிடந்தது, மூன்றாவது முறை ஒரு காது முன்னால் திரும்பியது. பயிற்சி கொடுத்தவர் அதைப் பார்த்ததும் "போதும், கூட்டிட்டுப் போ" என்றார்.

அதன் முதல் ரேஸ் ஜூலையில். நன்றாகவே கிளம்பியது. வளைவுக்கு வருவதற்குள் முன்னால் ஓடிய குதிரைகளின் லாடத்திலிருந்து மண் முகத்தில் அறைந்தது. காலைப் பயிற்சியில் ஒன்றிரண்டு குதிரையோடு ஓடிய குட்டிக்கு எட்டுக் குதிரையின் மண் எப்படித் தெரியும்? தலையை உயர்த்திக்கொண்டு பின்வாங்கிவிட்டது. உங்கள் பையனின் குட்டி நேர்பாதையில் தலையைத் தூக்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இவள்தான் ஞாபகம் வந்தாள். அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், கால் மாற்றாததும் காரணமாக இருக்கலாம். அமெரிக்காவில் இடதுபக்கமாகத்தான் சுற்றி ஓடுவார்கள். வளைவில் இடது முன்னங்கால் முந்தி விழும், நேர்பாதைக்கு வந்ததும் வலதுகாலுக்கு மாற்றிக்கொண்டால் களைப்பு குறைந்து இன்னொரு மூச்சு கிடைக்கும். பழகாத குட்டி மாற்றாமல் அதே காலில் ஓடிச் சோர்ந்துவிடும்.

ஆகஸ்ட் நடுவில் என் ஃபில்லி மறுபடி ஓடினாள். பேடக்கில் மரத்தடியில் சேணம் போடும்போது வியர்க்கவில்லை. முதல்முறை கழுத்தெல்லாம் நுரைத்திருந்தது. இந்த முறையும் மண் அடித்தது, தலை ஒரு கணம் எழும்பி இறங்கிவிட்டது. இரண்டு குதிரைகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் ஜாக்கி கேட்டதும் நுழைந்தாள், காலும் மாற்றினாள். நாலாவது இடம். பரிசளிப்பில் வேறொரு குதிரைதான் நின்றது. கேட்டுக்குள் போக மறுத்த அந்தக் காலையைப் பார்த்திருந்தால் அந்த நாலாவது இடம் எத்தனை பெரியது என்று தெரியும். அந்தக் கோடையில் அவள் ஜெயிக்கவே இல்லை.

கொடுமை பற்றிக் கேட்டதை முழுக்க விட்டுவிடவும் மனசில்லை. இளம் எலும்பு வேகத்தைப் பார்த்துத்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் டேவிட் நூனமேக்கர் பல வருடம் இதை ஆராய்ந்தார். மைல் கணக்கில் மெதுவாக ஓடவைத்த குட்டிகளைவிட, கொஞ்ச தூரம் வேகமாக, அடிக்கடி ஓடவைத்த குட்டிகளுக்கு முன்னங்காலின் கணைக்கால் எலும்பு நோவு குறைந்தது. இரண்டு வயதில் ஓடிய குதிரைகள் சராசரியாக அதிக காலம் ஓடுகின்றன என்றும் ஆய்வுகள் உண்டு. ஆனால் உடம்பு திடமாக இருக்கிற குட்டிதான் சீக்கிரம் களத்துக்கு வரும் என்பதையும் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இன்னொரு பக்கம் ரஃபியன் என்ற ஃபில்லி இருக்கிறாள். 1974 ஆகஸ்டில் சாரடோகாவின் ஸ்பினவே பந்தயத்தை ஏறக்குறைய பதின்மூன்று லெங்த்தில் ஜெயித்தாள். அதற்குப் பிறகு பின்னங்காலில் மயிரிழை முறிவு, அந்த வருடம் அதோடு முடிந்தது. அடுத்த ஜூலையில் பெல்மான்ட்டில் இரண்டே குதிரைகள் ஓடிய பந்தயத்தில் முன்னங்கால் நொறுங்கி, அவளைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு வயதில் ஓடியதால்தான் என்று சொல்ல முடியாது, அது வேறு கால். இருந்தாலும் எல்லாம் சரியாகவே நடக்கிறது என்று ரஃபியனை வைத்துக்கொண்டு என்னால் சொல்லவும் முடியாது. ஓட்டத்தைவிட அவசரம்தான் கொல்கிறது என்பது என் எண்ணம். தேதி பார்த்து அவசரம், ஏலம் பார்த்து அவசரம், டெர்பி பார்த்து அவசரம்.

அந்த அவசரத்தைத்தான் நீங்கள் காரில் வைத்துப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தீர்கள், சரவணன். "வேற ஒண்ணைப் பிடிச்சுக்கோ." அவன் பிடிக்க மாட்டேன் என்றது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! தினமும் அதன் பெயரைத் தேடுகிறான் என்று எழுதியிருந்ததை வாசித்தபோது அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதைத் தொல்லை மாதிரி எழுதாதீர்கள்.

சீசன் செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை வரை இருக்கிறது. குட்டியின் பெயர் வந்தால் மறுபடி கூட்டிப் போங்கள். கூரைக்கடியில் ஸ்டாண்டில் உட்கார வேண்டாம். குதிரைகள் லாயத்திலிருந்து பேடக்குக்கு ஜனங்களுக்கு நடுவில்தான் நடந்து வரும், அந்தப் பாதையோரம் நில்லுங்கள், கழுத்து வியர்த்திருக்கிறதா என்று அவன் பார்க்கட்டும். ரேஸின்போது வளைவு முடியும் இடத்தில் நில்லுங்கள். பைனாகுலர் அவன் கையில் இருக்கட்டும். மண் அடித்ததும் தலை என்ன செய்கிறது, எந்தக் கால் முந்தி விழுகிறது, இரண்டை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள், அவனே எழுதிக்கொள்வான்.

ரேசிங் ஃபார்ம் என்கிற பந்தயப் பத்திரிகையில் குட்டியின் வயதுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மூன்றெழுத்தில் பிறந்த மாதம் போட்டிருப்பார்கள். உங்கள் கடிதத்தில் அதுவும் இல்லை, குட்டியின் பெயரும் இல்லை. இரண்டையும் பையனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவனுக்குத் தனியாகப் பதில் போடுகிறேன்.