கார் கேள்வி – பதில்: பனிக்காலமும் முகப்பு விளக்கும்

(அமெரிக்காவின் வட மாநிலங்களில் வசிக்கும் வாசகர்களின் கேள்விகள். வெப்ப அளவுகள் ஃபாரன்ஹீட்டில்.)

கேள்வி: பன்னிரண்டு வருஷத்துக் கார். ஹெட்லைட் இரண்டும் மஞ்சளடித்துவிட்டன. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன், பளிச்சென்று ஆனது. இரண்டே மாதத்தில் பழைய கதை. இந்த டிசம்பரில் கராஜில் வைத்தே சரிசெய்ய முடியுமா? — டெட்ராய்ட் வாசகர்

பதில்: டூத்பேஸ்ட் பாதி வேலையைத்தான் செய்யும். ஹெட்லைட் லென்ஸ் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். புற ஊதாக் கதிர் அதைத் தாக்காமலிருக்கத் தொழிற்சாலையிலேயே ஒரு கடினப் பூச்சு கொடுத்திருப்பார்கள். அந்தப் பூச்சு வெயிலில் நைந்துபோனதால்தான் மஞ்சள் தெரிகிறது. டூத்பேஸ்ட் மேல் படலத்தைச் சுரண்டி எடுத்துவிடும், ஆனால் அதற்குப் பதிலாக எந்தக் காப்பும் தராது. வெறும் பிளாஸ்டிக் வெயிலில் நிற்கிறது, மறுபடி மஞ்சளாகிறது.

முறையாகச் செய்வதென்றால் லென்ஸைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்துவிட்டு, சுற்றியுள்ள பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். 800 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து இடவலமாகத் தேய்க்க வேண்டும். முதலில் மஞ்சள் கலந்த கூழ் வடியும். அது பால் மாதிரி வெள்ளையாகும்வரை நிறுத்தாதீர்கள். மஞ்சள் வடிகிறது என்றால் பழைய பூச்சு இன்னும் மிச்சமிருக்கிறது. அதன்மேல் புதுப் பூச்சு அடித்தால் திட்டுத் திட்டாக உரியும். அடுத்து 1500-ஐ மேலும் கீழுமாகவும், 3000-ஐ மறுபடி இடவலமாகவும் தேயுங்கள். திசையை மாற்றினால்தான் முந்தைய தாளின் கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். அவசரப்பட்டு 800-லிருந்து நேராக 3000-க்குத் தாவுகிறவர்களுக்குத்தான் பாலிஷ் போட்ட பிறகும் கோடு தெரிகிறது. பிறகு பிளாஸ்டிக் பாலிஷ் போட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, புற ஊதாக் காப்புள்ள கிளியர் கோட்டை (நிறமில்லாத பூச்சு) மெல்லிசாக இரண்டு தடவை கொடுங்கள்.

டிசம்பரில் சிக்கல் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அந்தப் பூச்சு இறுக 60 டிகிரியாவது வேண்டும். காற்று மட்டுமில்லை, லென்ஸும் அந்தச் சூட்டில் இருக்க வேண்டும். 40 டிகிரி கராஜில் அடித்தால் பூச்சு வெளுத்துப்போகும், இல்லையேல் வசந்தத்தில் தோலாக உரியும். சூடேற்றிய, காற்றோட்டமுள்ள கராஜ் இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் இப்போது உப்புத்தாளைத் தொடாதீர்கள். பாலிஷ் மட்டும் போட்டு, மேலே பெயின்ட் சீலன்ட் (மெழுகு மாதிரி தடவும் காப்புப் பூச்சு) தடவி, மாதம் ஒருமுறை அதையே திரும்பச் செய்து பனிக்காலத்தை ஓட்டுங்கள். முழு வேலையை ஏப்ரல் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

தொடங்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். லென்ஸின் உட்புறம் மங்கலாக இருந்தாலோ, உள்ளேயிருக்கும் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கருகியிருந்தாலோ வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. விளக்குக் கூட்டையே மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: காலையில் ஹெட்லைட்டுக்குள் ஆவி படிந்திருக்கிறது. சிலிகான் வைத்துச் சுற்றிலும் அடைத்துவிடலாமா? — பஃபலோ வாசகி

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஹெட்லைட்டின் பின்புறம் காற்று போய்வரச் சிறு துவாரங்கள் வைத்துத்தான் செய்கிறார்கள். அவற்றை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். லைட்டைப் போட்டு அரை மணி நேரத்தில் மறைகிற மெல்லிய ஆவி இயல்பானது. துளித் துளியாக ஓடுவதும் அடியில் தண்ணீர் தேங்குவதும்தான் கோளாறு. முதலில் பல்புக்குப் பின்னாலிருக்கும் ரப்பர் மூடியைப் பாருங்கள். பல்ப் மாற்றியவர் அதைச் சரியாக மாட்டாமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அது சரியாக இருந்தால் லென்ஸில் மயிரிழை விரிசல் தேடுங்கள். கூட்டைக் கழற்றி, வீட்டுக்குள் மூடியைத் திறந்து ஓரிரு நாள் வைத்தால் உலர்ந்துவிடும்.

கேள்வி: ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மங்கல். புது பல்ப் போட்டும் அப்படியேதான் இருக்கிறது. — சிகாகோ வாசகர்

பதில்: எர்த் இணைப்பை, அதாவது மின்சாரம் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைச் சந்தேகப்படுங்கள். சாலையில் போடும் உப்பு முதலில் தின்னும் இடங்களில் அதுவும் ஒன்று. லைட் எரியும்போதே அளக்க வேண்டும். மல்டிமீட்டரை (மின் அளவுக் கருவி) டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும், சிவப்பு முனையை பல்ப் சாக்கெட்டின் எர்த் கம்பியிலும் பின்புறமாகத் தொடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் துரு பிடித்திருக்கிறது. இது சின்ன இழப்பாகத் தெரியலாம். ஆனால் ஹாலஜன் பல்புக்குப் பத்து சதவீத வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும்.

அந்தக் கம்பியைப் பின்தொடர்ந்து பாடியில் முறுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். வளையத்தையும் பாடியையும் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். எர்த் சரியாக இருந்தால் பேட்டரி பிளஸுக்கும் சாக்கெட்டின் பிளஸுக்கும் நடுவே அதேபோல் அளக்கலாம். சாக்கெட் பழுப்பாக உருகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் புது பல்பும் சீக்கிரம் போகும். புது பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகி கண்ணாடி பலவீனப்படும்.

கேள்வி: ஹாலஜனை எடுத்துவிட்டு அதே கூட்டில் எல்இடி பல்ப் போட்டால் பனியில் நன்றாகத் தெரியுமா? — மினியாபொலிஸ் வாசகர்

பதில்: தெரியாது. ஹாலஜன் இழையின் இடத்தைக் கணக்கிட்டுச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடி வெளிச்சம் சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். ஹாலஜனின் முன்பக்கச் சூடு லென்ஸில் ஒட்டும் பனியை ஓரளவு உருக்கும், எல்இடியில் அதுவும் கிடைக்காது. லென்ஸில் பனி அப்பியிருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தள்ளுங்கள். ஐஸ் சுரண்டியால் தேய்த்தால் பூச்சு போய்விடும், கொதிநீர் ஊற்றினால் விரிசல் விழலாம்.

கேள்வி: பானெட்டில் கல் பட்டு பெயின்ட் தெறித்திருக்கிறது. மார்ச் வரை விடலாமா? — கிளீவ்லாண்ட் வாசகி

பதில்: வெறும் இரும்பு தெரிகிறதென்றால் விடாதீர்கள். பனி உருகும் வெயில் நாளில், உலோகம் காய்ந்தபின் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு துண்டு ஒளிபுகும் பெயின்ட் காப்பு ஃபிலிமை ஒட்டிவையுங்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெயின்ட் குறியீட்டைப் பார்த்து அதே நிறத்தில் டச்சப் பேனா (சிறு சேதத்தில் பெயின்ட் பூசும் பேனா) வாங்கிக்கொள்ளலாம். 60 டிகிரி வந்ததும் துருவைச் சுரண்டி, பிரைமர், நிறம், கிளியர் என்று மெல்லிசாக அடுக்குங்கள். வண்டியின் அடிப்பகுதியை உறைநிலைக்கு மேலிருக்கும் நாளில் கழுவி, கதவு ரப்பரைத் துடைத்துவிடுங்கள். உப்பு ஒட்டிய வண்டியைச் சூடான கராஜில் அப்படியே நிறுத்த வேண்டாம், குளிரில் நிற்பதைவிட அங்கே துரு வேகமாகப் பிடிக்கும்.