வட்டி எங்கே போகிறது? சுங்கை சிப்புட் சிக்கனக் கேள்வி பதில்

மலேசியாவில், சுங்கை சிப்புட் தோட்டக் கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். சிக்கனம் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. டீயில் சீனியைக் குறைக்கச் சொல்லும் ஆள் நான் இல்லை. கடன் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அண்ணே, வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறார். சம்பளம் ஏழாம் தேதி, இருபதாம் தேதிக்கே கை காலி. எங்கே ஓட்டை?

மளிகைக்கடையில் பற்று எழுதும் 555 புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், தங்கச்சி. அரிசி, எண்ணெய், மீன் டின் என்று எழுதிய வரிகளை விடுங்கள். வெறும் ‘சாமான்’ என்று எழுதி, எதிரே 18.50 போட்ட வரிகள் எத்தனை என்று பாருங்கள். அது என்ன சாமான் என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. பிள்ளை போய் வாங்கிய நொறுக்குத்தீனியாக இருக்கும், அவர் வாங்கிய சிகரெட்டாக இருக்கும். பற்றில் வாங்கும்போது யாரும் விலை கேட்பதில்லை. பாக்கி நிற்பதால் வேறு கடையில் மலிவாகக் கிடைத்தாலும் போகக் கூச்சம்.

பழைய பாக்கியைத் தனிப் பக்கத்தில் எழுதச் சொல்லி, மாதம் நூறு வெள்ளியாவது (ரிங்கிட்) கழியுங்கள். புதிதாக வாங்குவது கைக்காசில் இருக்கட்டும். முதல் இரண்டு மாதம் மூச்சு முட்டும். கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பாக்கி வருகிறதென்றால் அவருக்கு என்ன கசக்குமா?

மளிகையில் கட்டாயம் பார்க்க வேண்டியது?

மானிய விலைச் சமையல் எண்ணெய், 1 கிலோ பாக்கெட் 2.50 வெள்ளி. போத்தல் எண்ணெய்க்குப் பக்கத்தில் இதைக் கண்ணில் படும்படி வைக்க மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். உங்கள் அடையாள அட்டையில், அரசாங்கம் மளிகை வாங்கத் தரும் ‘சாரா’ உதவிப் பணம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறியதே தெரியாமல் இருப்பவர்கள் நம் குடியிருப்பிலேயே உண்டு.

பக்கத்து வீட்டு அக்கா கூட்டு (சீட்டு) நடத்துகிறார். பத்துப் பேர், மாதம் 200. சேரலாமா?

பத்துப் பேரும் சம்பளக்காரர்கள், ஒருவரை ஒருவர் தெரியும் என்றாலும் நான் சேர மாட்டேன். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை நம் நாட்டுச் சட்டம் 1971இலேயே தடை செய்துவிட்டது. முதல் மாதமே 2,000 எடுத்தவர் மூன்றாம் மாதம் வீடு மாறிப் போனால் எங்கே போய்ப் புகார் செய்வீர்கள்? அந்த 200ஐ வங்கியில் போட்டால் பத்தாவது மாதம் அதே 2,000 உங்கள் கையில், அதற்குக் கொஞ்சம் வட்டியும் சேரும். வங்கி மூடினாலும் 2,50,000 வெள்ளி வரை பிஐடிஎம் என்ற அரசாங்க நிறுவனத்தின் வைப்புத்தொகைக் காப்பீடு இருக்கிறது. ‘கையில் இருந்தால் செலவாகிவிடும்’ என்பீர்கள். சரி, ஏடிஎம் அட்டை வாங்காத கணக்கைத் திறங்கள்.

கூடிச் சேர்ப்பது கெட்டது என்று சொல்லவில்லை. நம் தொகுதி எம்.பி.யாக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், 1960 முதல் தொழிலாளர்களின் சிறு பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கியது. அது பதிவு பெற்ற சங்கம், அதற்குக் கணக்குத் தணிக்கை உண்டு. அந்த அக்காவிடம் என்ன இருக்கிறது?

பள்ளி திறக்கப் போகிறது. அவசரத்துக்கு 1,000 வேண்டும். நகையை வைக்கலாமா, ஆலோங்கிடம் போகலாமா?

ஆலோங் என்ற லைசன்ஸ் இல்லாத வட்டிக்காரன் பெயரையே எடுக்காதீர்கள், தம்பி. ஆயிரம் என்று பேசி, முன்வட்டியைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவான். லைசன்ஸ் உள்ள அடகுக்கடை மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. ஆயிரத்துக்கு மாதம் 20 வெள்ளி, ஆறு மாதம் போனால் 120. அர்-ரஹ்னு என்ற இஸ்லாமிய முறை அடகுக்கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் வைக்கலாம், பாதுகாப்புக் கட்டணம் பெரும்பாலும் இதைவிடக் குறைவாக வரும். சீட்டைத் தொலைக்காதீர்கள், மீட்கும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். தாலிச் சங்கிலியை மட்டும் வைக்க வேண்டாமே. இது சட்டம் இல்லை, என் ஆசை.

இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதி) ‘ஃபிளெக்சிபல்’ கணக்கு வந்ததிலிருந்து மாதாமாதம் எடுக்கிறேன். தப்பா மாமா?

எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2024 மே முதல், மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அந்தக் கணக்கில் விழுகிறது, குறைந்தது 50 வெள்ளி எடுக்கலாம். ஆனால் 2024க்கு இபிஎஃப் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. அதை விட்டுவிட்டு, எடுத்த பணத்தில் என்ன வாங்கினீர்கள்? கைப்பேசித் தவணை என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

நான் பசார் மாலாமில் (இரவுச் சந்தை) வடை சுட்டு விற்கிறேன். எனக்கு ஏது இபிஎஃப்?

உண்டும்மா. 60 வயதுக்குள் என்றால், சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான இபிஎஃப் திட்டமான ஐ-சாரானில் சேருங்கள். 2025 முதல், நீங்கள் போடுவதில் 20 விழுக்காட்டை அரசாங்கம் சேர்க்கிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. அதாவது 2,500 போட்டால் 500. எந்த வங்கி இவ்வளவு தரும்? மழை பெய்து வியாபாரம் படுத்த மாதம் போடாமல் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

கரண்டு பில் ஏறிக்கொண்டே போகிறது.

காற்றாடி சுமார் 70 வாட், 1 குதிரைத்திறன் ஏர்கோன் (குளிர்சாதனம்) சுமார் 800 வாட். ஓர் ஏர்கோன் ஓட்டும் மின்சாரத்தில் காற்றாடி பத்துக்கு மேல் ஓடும். ஏர்கோன் இல்லையென்றால் சோற்றுக் குக்கரைப் பாருங்கள். காலையில் வடித்த சோறு இரவு வரை ‘வார்மில்’ கிடக்கும். சுவிட்சை அணைத்து, மீதிச் சோற்றைக் குளிர்பெட்டியில் வைத்து, சாப்பிடும்போது நன்றாகச் சூடாக்கினால் போதும்.

காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்கில் 70 வெள்ளி கேட்கிறார்கள்.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் (கிளினிக் கெசிஹத்தான்) மருந்தோடு 1 வெள்ளி. காலையிலேயே போய் நம்பர் எடுங்கள், காத்திருக்க ஏதாவது கையில் கொண்டு போங்கள்.