எந்த நகரத்துக்குள் முதலில் நுழைவது? ஓப்பன் வேர்ல்ட் க்ரைம் கேம்கள்: கேள்வி பதில்

ஓப்பன் வேர்ல்ட் க்ரைம் கேம், அதாவது ஒரு ஊர் முழுக்க இஷ்டப்படி சுற்றிக்கொண்டே குற்றக் கதையை ஆடுகிற வீடியோ கேம், எதை வாங்கலாம், எதில் தொடங்கலாம் என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) தொடரின் வைஸ் சிட்டி காலத்திலிருந்தே இந்த வகை கேம்களைத்தான் அதிகம் ஆடி வருகிறேன். எல்லாரும் முதலில் மேப் எவ்வளவு பெரிசு என்றுதான் கேட்கிறார்கள். அந்த ஊரில் நமக்கு என்ன வேலை என்று கேட்டால் தேர்வு சுலபமாகிவிடும்.

அண்ணா, இதுவரைக்கும் கிரிக்கெட், கார் ரேஸ் கேம் மட்டும்தான் ஆடியிருக்கேன். முதல் க்ரைம் கேம் எது? எல்லாரும் ஜிடிஏ 5தான்னு சொல்றாங்க.

ஜிடிஏ 5 அருமையான கேம்தான் தம்பி. ஆனால் முதலில் ஸ்லீப்பிங் டாக்ஸ் ஆடிப் பாருங்கள். 2012-ல் வந்தது. 2014-ல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று மெருகேற்றி விட்டார்கள், அதையே வாங்கலாம். ஊர் ஹாங்காங். நாயகன் வெய் ஷென் ஒரு போலீஸ்காரர். ட்ரையட் எனும் கும்பலுக்குள் அடியாளாகச் சேர்ந்து வேவு பார்க்கிறார்.

ஒவ்வொரு மிஷனிலும் இரண்டு மதிப்பெண் கணக்கு ஓடும். போலீஸ் கணக்கு முழுசாகத் தொடங்கும். தெருவில் போகிறவர் மீது வண்டியை விட்டால், கம்பத்தைச் சாய்த்தால் குறைந்துகொண்டே வரும். ட்ரையட் கணக்கோ எதிரியை எவ்வளவு மூர்க்கமாக அடிக்கிறோமோ அவ்வளவு ஏறும். ஒரே ஆள், இரண்டு விசுவாசம். கதை சொல்ல வருவதை உங்கள் விரல்களே உணர்ந்துவிடும்.

துப்பாக்கி இதில் அரிது, கைச்சண்டைதான் எல்லாம். எதிராளியைச் சட்டையோடு பிடித்த உடனே பக்கத்தில் இருக்கிற ஏசி பெட்டி, மீன் தொட்டி, டெலிபோன் பூத் எல்லாம் சிவப்பாக ஒளிரும். இழுத்துக்கொண்டு போய் அதில் மோத வைக்கலாம். இன்னொரு வசதி, ஹாங்காங்கில் நம் ஊர் மாதிரியே வண்டி இடது பக்கம்தான் போகும். அமெரிக்க கேம்களில் முதல் இரண்டு மணி நேரம் எதிர்த்திசையில் ஓட்டித் திணறுவது இதில் இல்லை. கதை 15 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், முதல் கேமுக்கு அது சரியான நீளம். உருவாக்கிய யுனைடெட் ஃப்ரண்ட் கேம்ஸை 2016-ல் மூடிவிட்டார்கள், இரண்டாம் பாகம் வரவே இல்லை. எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பழைய லேப்டாப், தனியா கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. என்ன ஓடும் ப்ரோ?

ஜிடிஏ தொடரில் 2002-ன் வைஸ் சிட்டியும் 2004-ன் சான் ஆண்ட்ரியாஸும் தாராளமாக ஓடும். பழைய பதிப்புகளைச் சொல்கிறேன். 2021-ல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் வேறு, அதற்கு நல்ல கார்டு வேண்டும். லேப்டாப் ரொம்பவே மோசமென்றால் இரண்டும் போனிலும் இருக்கின்றன.

இரண்டில் ஒன்றுதான் என்றால் சான் ஆண்ட்ரியாஸ். மூன்று நகரங்கள், நடுவில் காடு, மலை, பாலைவனம். நாயகன் சிஜே நிறைய சாப்பிட்டால் குண்டாவான், ஜிம்முக்குப் போனால் உடம்பு முறுக்கேறும்.

வைஸ் சிட்டி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரவுசிங் சென்டரில் நாங்கள் காசைக் கரைத்தது அந்த ரிமோட் ஹெலிகாப்டர் மிஷனில்தான். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குள் நாலு குண்டு வைக்க வேண்டும். எல்லாரும் செய்கிற தவறு, போன உடனே குண்டைத் தூக்குவது. முதல் குண்டை எடுத்த பிறகுதான் நேரம் ஓட ஆரம்பிக்கும். ஆகவே முதலில் வெறும் ஹெலிகாப்டரோடு மாடி மாடியாக ஏறி, விசிறியாலேயே உள்ளே இருக்கும் ஆட்களை ஒழித்துவிடுங்கள். படிக்கட்டு எங்கே திரும்புகிறது என்பதும் பழகிவிடும். அப்புறம் வந்து குண்டை எடுங்கள்.

வேலை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம்தான் கிடைக்குது சார். மேப் முழுக்க ஐகான் வேண்டாம், நல்ல கதை ஒன்னு போதும்.

உங்களுக்கென்றே செய்தது மாஃபியா டெஃபினிட்டிவ் எடிஷன். 2002-ன் முதல் மாஃபியாவை 2020-ல் அடியிலிருந்து திரும்பக் கட்டினார்கள். 1930-களின் அமெரிக்கா, லாஸ்ட் ஹெவன் என்ற கற்பனை ஊர், டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிற டாமி ஏஞ்சலோ. ஒரு ராத்திரி அடிபட்ட இரண்டு ரவுடிகள் வண்டியில் ஏறுகிறார்கள், அதோடு அவன் வாழ்க்கை திசை மாறுகிறது. தினம் ஓர் அத்தியாயம் ஆடினால் இரண்டு மூன்று வாரத்தில் முடிக்கலாம்.

இதை அவசரமாக ஆடாதீர்கள் சார். செட்டிங்ஸில் போலீஸைக் கண்டிப்பாக வைத்தால், சிக்னலைத் தாண்டினாலோ வேகமாகப் போனாலோ துரத்துவார்கள். வேகத்தைக் கட்டுக்குள் வைக்க ஒரு பொத்தானே இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு, ரேடியோவைக் கேட்டபடி, மழையில் நனைந்த தெருவில் அந்தக் கனமான வண்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கதைக்கு வெளியே ஊரில் பெரிதாக வேலை இல்லை என்று குறை சொல்வார்கள். உங்களுக்கு அது நல்லதுதான்.

பிடித்துப்போனால் அடுத்தது மாஃபியா 2. மூன்றாவதில் 1968-ல் அமெரிக்காவின் தென்பகுதி, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய கறுப்பின நாயகன் லிங்கன் க்ளே. நிறவெறியை அது நேருக்கு நேர் காட்டுகிற விதத்தை மதிக்கிறேன். ஆனால் நடுப்பகுதியில் ஒரே மாதிரி வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்துவிட்டார்கள்.

என் பையனுக்கு 13 வயசு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஆடறாங்க, ஜிடிஏ 5 வேணும்னு ஒரே அடம். வாங்கித் தரலாமா?

வேண்டாம் அக்கா. ஐரோப்பாவில் அதற்கு 18 வயது முத்திரை, அமெரிக்காவில் 17. சும்மா போட்டதில்லை. ஒரு மிஷனில் ஒருவனை நாற்காலியில் கட்டிவைத்துச் சித்திரவதை செய்ய வேண்டும். பல்லைப் பிடுங்கும் குறடா, மின்சாரமா என்று கருவியைத் தேர்ந்தெடுப்பதும் பொத்தானை அழுத்துவதும் ஆடுகிறவர்தான். பெரியவனான எனக்கே அன்று கன்ட்ரோலரைக் கீழே வைக்கத் தோன்றியது. ஆன்லைன் பக்கம் போனால் மைக்கில் முன்பின் தெரியாதவர்கள் பேசுவதும் காதில் விழும்.

ஆனால் அவன் கேட்பது ரத்தத்தை இல்லை, பெரிய ஊரில் இஷ்டப்படி வண்டி ஓட்டுவதைத்தான் என்று நினைக்கிறேன். லெகோ சிட்டி அண்டர்கவர் வாங்கிக் கொடுங்கள். திறந்த ஊர், போலீஸ் நாயகன், திருடர்களைத் துரத்துவது, மாறுவேடம் எல்லாம் உண்டு. ஐரோப்பாவில் 7 வயது முத்திரை. 2017-ல் வந்த பதிப்பில் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து ஆடலாம். முதல் வாரம் நீங்களே இரண்டாவது ஆளாக உட்காருங்கள்.

யாகுசா 0 மேப் ரொம்பச் சின்னதாமே? கார்கூட ஓட்ட முடியாதாமே? அதைப் போய் எப்படி ஓப்பன் வேர்ல்ட்னு சொல்றாங்க?

யாகுசா என்றால் ஜப்பானிய ரவுடிக் கும்பல், அவர்களைப் பற்றிய கேம் இது. மேப் சின்னதுதான். டோக்கியோவின் கபுகிச்சோவைப் பார்த்துச் செய்த காமுரோச்சோ என்கிற ஒரு பேட்டை, ஒசாகாவின் டோட்டோன்போரியைப் பார்த்துச் செய்த இன்னொன்று, அவ்வளவே. காலம் 1988, ஜப்பானில் பணம் பெருக்கெடுத்த நேரம். ஒரு துண்டுக் காலிமனைக்காகக் கும்பல்கள் வெட்டிக்கொள்வதுதான் கதையின் முடிச்சு.

நடந்தே போவதால்தான் அந்தப் பேட்டை நம்முடையதாகிறது. பத்து மணி நேரம் கழித்து மேப்பைத் திறக்காமலே சந்து பொந்தெல்லாம் போவீர்கள். அந்தச் சந்துகளில்தான் கிளைக்கதைகள். புது வீடியோ கேம் வாங்கிய ஒரு பொடியனிடமிருந்து எவனோ அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். துரத்திப் பிடித்தால், அவனிடமிருந்து இன்னொருவன் பிடுங்கியிருக்கிறான். அப்படியே போய்க் கடைசியில் அது யார் கையில் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய மேப் வைத்திருக்கிற எத்தனையோ கேம்களில் இப்படி ஒரு தெருமுனை இல்லை.

பேச்சுக் காட்சிகள் நீளம், அதற்குத் தயாராக இருங்கள்.

எனக்கு இங்கிலீஷ் வேகமா படிக்க வராது. எது சரிப்படும்?

யாகுசாவையும் துப்பறியும் கேமான எல்.ஏ. நுவாரையும் தள்ளி வையுங்கள். முன்னதில் ஜப்பானியப் பேச்சு, படித்தே தீர வேண்டும். பின்னதில் சாட்சி சொல்பவரின் முகத்தையும் குரலையும் கவனித்து உண்மையா பொய்யா என்று முடிவெடுக்க வேண்டும், கீழே எழுத்தைப் பார்த்தால் முகம் தப்பிவிடும். ஜிடிஏ 5-ல் முக்கால்வாசிப் பேச்சு வண்டி ஓட்டும்போதே நடக்கும், அதுவும் சிரமம். மாஃபியாவில் முக்கியமான பேச்செல்லாம் வெட்டுக்காட்சியில் (ஆட்டத்தை நிறுத்திப் படம் போல ஓடும் கட்டம்) வந்துவிடும், நிதானமாகப் பின்தொடரலாம்.

ஜிடிஏ 4-ஆ 5-ஆ?

ஒன்றுதான் என்றால் 5. கதை மனதில் நிற்க வேண்டும் என்றால் 4. போர் நினைவுகளோடு கப்பலில் வந்து இறங்குகிற நிக்கோ பெல்லிக் அளவுக்கு 5-ல் யாரும் என்னைத் தொடவில்லை. ஆனால் 4-ன் கம்ப்யூட்டர் பதிப்பு நல்ல மெஷினிலும் திக்கித் திக்கித்தான் ஓடும்.

ஜிடிஏ 6 வரட்டும்னு காத்திருக்கலாமா?

2026 நவம்பர் 19 என்று தேதி சொல்லியிருக்கிறார்கள், அதுவும் பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் கன்சோல்களுக்கு மட்டும். கம்ப்யூட்டர்காரர்கள் அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

அண்ணா, முதல் கேள்வி கேட்ட நான்தான். ஸ்லீப்பிங் டாக்ஸ் வாங்கிட்டேன். நாலு பேர் சேர்ந்து வந்தா அடி வாங்கிச் சாகறேன்.

அடிக்கிற பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள் தம்பி, அதுதான் காரணம். அடிக்கப் போகிறவன் உடம்பு ஒரு கணம் சிவக்கும், அப்போது எதிர்த்தாக்குப் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். ஊரில் 12 ராசிச் சிலைகள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வெய்யின் பழைய குருவிடம் கொடுத்தால் ஒவ்வொரு புது அடி சொல்லித் தருவார். சண்டைக்குப் போகும் முன் தெருக்கடையில் ஒரு போர்க் பன் (பன்றி இறைச்சி வைத்த பன்) வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உயிர் தானாக ஏறிக்கொண்டிருக்கும்.