வலி இல்லாமல் சிவந்த சிறுநீர்: விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. சாயப்பட்டறையில் 20 வருடம் வேலை பார்த்தவன், பீடிப் பழக்கமும் உண்டு. போன மாதம் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலியோ எரிச்சலோ இல்லை, மறுநாளே சரியாகிவிட்டது. வயிற்று ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். 'சூடுதான், பார்லி கஞ்சி குடி' என்கிறார்கள் வீட்டில். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். வலி இல்லை, தானாக நின்றுவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக எழுதிய இரண்டும்தான் என்னை உறுத்துகின்றன.

முதலில், அது ரத்தம்தானா? முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தாலும் சிவக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை ஆரஞ்சு நிறமாக்கும். இவை எதுவும் இல்லையென்றால் ரத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரு மில்லி ரத்தம் கலந்தாலே நிறம் மாறிவிடும். அதனால் சிவப்பின் அடர்த்தியை வைத்து எவ்வளவு ரத்தம் போனது என்று கணக்குப் போட வேண்டாம்.

கல் என்றால் விலாவில் பிடித்து அடிவயிறு வரை இழுக்கும் வலி பெரும்பாலும் ஆளைத் துடிக்க வைத்திருக்கும். கிருமித்தொற்று என்றால் எரிச்சல், அடிக்கடி அவசரம், சிலருக்குக் குளிர்காய்ச்சல். பெண்களிடம் இதுதான் அதிகம். உங்கள் வயதில் ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கியும் ரத்தம் வரலாம். நீர் மெல்லிய தாரையாகப் போகிறதா, இரவில் பலமுறை எழுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சிறுநீரக வடிகட்டிகளில் அழற்சி என்றால் நிறமே வேறு: கட்டன் சாயா போலக் கறுத்து, நுரைத்து, காலையில் முகம் உப்பியிருக்கும். குழந்தைக்குத் தொண்டைப் புண்ணோ சொறிசிரங்கோ வந்து சில வாரங்களில் இப்படிப் போனால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இவற்றைவிட நான் முதலில் தேடுவது சிறுநீர்ப்பையில் கட்டி இருக்கிறதா என்றுதான். புகையிலையின் நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வந்து, பையில் மணிக்கணக்கில் தேங்கிக் கிடக்கிறது. சாயத்தொழிலின் சில வேதிப்பொருட்களும் அதே வழிதான். இரண்டும் உங்களிடம் சேர்ந்திருக்கின்றன. இந்தக் கட்டி ஒருநாள் கசியும், அப்புறம் மாதக்கணக்கில் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் கஞ்சி குடித்தவருக்குக் கஞ்சியால் குணமான மாதிரி தோன்றும். (பார்லி கஞ்சியோடு எனக்குப் பகையில்லை. குடியுங்கள்.) கட்டி இருந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை, இல்லை என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்கிறேன்.

சாதாரண வயிற்று ஸ்கேனில் சின்னக் கட்டியும் தட்டையான கட்டியும் தப்பிவிடும், அதுவும் பை நிறையாதபோது எடுத்திருந்தால். யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்கள்) மருத்துவரிடம் போங்கள். யூரின் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன், கூடவே சிறுநீர்ப்பையைக் கேமராவால் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி சொல்வார். இப்போது எடுக்கும் யூரின் டெஸ்ட் சுத்தமாக வந்தாலும் மற்றவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்த மாத்திரையால்தான் ரத்தம் வந்தது என்று முடிவுகட்டிப் பரிசோதனையைக் கைவிடுவதும் தவறு.

பலர் பயந்து ஓடுவது சிஸ்டோஸ்கோபிக்குத்தான். மரத்துப்போகும் ஜெல்லியைத் தடவி, வளையக்கூடிய மெல்லிய கேமராக் குழாயைச் சிறுநீர் போகும் துவாரம் வழியே விட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. ஓரிரு நாள் நீர் போகும்போது எரியும்.

அதற்குள் மறுபடி சிவந்தால், தெளிவான பாட்டிலில் பிடித்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் மட்டும் சிவப்பா, கடைசிச் சொட்டிலா, முழுக்கவா என்றும் கவனியுங்கள். எங்கிருந்து கசிகிறது என்பதற்கு அது துப்பு. ரத்தக்கட்டிகள் விழுந்து, நீர் வெளியே வராமல் அடைத்துக்கொண்டால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.