பிரித்துக் கட்டிய ஜீப் எஞ்சின்: முள் ஏன் ஏறி இறங்குகிறது?

கேள்வி: என்னுடையது பழைய மகிந்திரா டீசல் ஜீப். பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்புக்குப் போகவும், லீவு நாளில் தென்பெண்ணை மணலில் ஓட்டவும் வைத்திருக்கிறேன். ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடு) போனதால் எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கட்டினோம். போர்வெல் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறது. வண்டி கைக்கு வந்ததிலிருந்து டெம்பரேச்சர் முள் திடீரென ஏறுகிறது, சட்டென இறங்குகிறது. தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) கழற்றிவிட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா? கூலன்ட்டை எப்படி நிரப்பி, எப்படிக் கண்காணிப்பது?
— கடலூர் வாசகர்

பதில்: கழற்ற வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எஞ்சினுக்குள் காற்று மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். பிரித்துக் கட்டிய எஞ்சின் உள்ளே காய்ந்து கிடக்கும். தண்ணீர் ஊற்றும்போது ஹெட்டின் மேல்பகுதியில் காற்று தங்கிவிடும். சென்சார் அந்தக் காற்றில் இருந்தால் முள் காட்டுவதை நம்பவே முடியாது. நீராவி பட்டால் ஏறும், தண்ணீர் பட்டால் இறங்கும். ஹெட் வெந்துகொண்டிருக்கும்போது முள் பாதியிலேயே நிற்பதும் உண்டு. அதுதான் ஆபத்து.

தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் வேலை செய்யும் சூட்டுக்கு வர நேரமாகும். புது பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் ஒன்றோடொன்று பதமாக வேண்டிய நேரத்தில் இது நல்லதல்ல. சில எஞ்சின்களில் அந்த வால்வு திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கும். அப்படிப்பட்டதில் வால்வை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும், சூடு கூடும். பழைய வால்வில் சந்தேகம் இருந்தால் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு, தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சிப் பாருங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரிக்குப் பக்கத்தில் (82 என்பது சாதாரணமாகப் பார்க்கும் எண்) திறக்கத் தொடங்க வேண்டும். மாட்டும்போது அதிலுள்ள சின்ன ஓட்டை அல்லது ஆடும் ஊசி மேல்பக்கம் வரட்டும். காற்று வெளியேறுவது அந்த வழியாகத்தான்.

அடுத்தது தண்ணீர். கடலூர் கரையோர போர்வெல் தண்ணீரில் உப்பு பல இடங்களில் அதிகம். எஞ்சினுக்குள் அது காய்ந்து படிவமாக ஒட்டும். இரும்பும் அரிக்கும், அலுமினியமும் அரிக்கும். முழுதாக வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சூடாக்கி மறுபடி வடியுங்கள். வேலை செய்தபோது உள்ளே போன சீலன்ட் துணுக்கு, துரு எல்லாம் அதோடு வந்துவிடும். பிளாக்கில் தனி வடிகால் பிளக் இருந்தால் அதையும் திறக்க வேண்டும். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பாதித் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.

கூலன்ட்டில், 'அப்படியே ஊற்றலாம்' என்று எழுதிய டப்பாவில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கான்சென்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கெட்டிக் கூலன்ட்) என்றால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும், மீதி டிஸ்டில்டு வாட்டர். நமக்கு உறைபனி கவலை இல்லை. துருத் தடுப்பும் கொதிநிலை உயர்வும்தான் வேண்டும். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள், இரண்டு வகையைக் கலக்கவும் வேண்டாம். வடித்ததைத் தோப்பில் கொட்டிவிடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் கன்றும் குடித்துவிடும், அது உயிரைக் குடிக்கும் விஷம்.

இனி நிரப்புவது. ரேடியேட்டர் மூடி எஞ்சினை விட உயரமாக இருக்கும்படி வண்டியின் முன்பக்கத்தைச் சரிவில் ஏற்றி நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்து வையுங்கள். அளவு ஜாடியால் மெதுவாக ஊற்றி, எத்தனை லிட்டர் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது கையால் அமுக்கிவிடுங்கள், குமிழ் வரும். மேனுவலில் உள்ள அளவை விட ஒரு லிட்டர் குறைவாகப் பிடித்தால், வடித்த பிறகு உள்ளே தண்ணீர் தங்கவில்லை என்றால், அந்த ஒரு லிட்டர் இடத்தில் காற்றுதான் இருக்கிறது. இந்தக் கணக்கைப் பலர் பார்ப்பதே இல்லை. என் அனுபவத்தில் இதை விட நல்ல சோதனை கிடையாது.

அப்புறம் மூடி திறந்தபடியே ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல்) ஓட விடுங்கள். முகத்தை மேலே நீட்டாதீர்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சுடும், மட்டம் சட்டென இறங்கும். உடனே ஊற்றுங்கள். குமிழ் நின்றதும் மூடியைப் போட்டு, வண்டி முழுதாக ஆறிய பின் மறுபடி பாருங்கள். குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அல்லது காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், சிலிண்டருக்குள் அழுத்தப்படும் கம்ப்ரெஷன் காற்று தண்ணீரில் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஹெட் போல்ட் இறுக்கம் (டார்க்), கேஸ்கட், ஹெட்டில் கீறல் என்று போய்ப் பார்க்க வேண்டிய விஷயம் அது. காற்றை எடுத்து எடுத்து அது தீராது.

மூடியையும் கவனியுங்கள். அழுத்தம் கூடினால்தான் கொதிநிலை கூடும். 1 பார் (அழுத்த அளவு) மூடிக்குள் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். அதற்காக உங்கள் ஜீப்புக்கு உரியதை விட அதிக அழுத்த மூடியைப் போடாதீர்கள். பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பு விட்டுவிடும்.

முதல் 500 கிலோமீட்டர் வரை தினமும் காலையில் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். ரிசர்வ் டப்பாவை மட்டும் நம்ப வேண்டாம்; டப்பா நிறைந்திருந்து ரேடியேட்டர் குறைந்திருப்பதும் உண்டு. ஆயில் டிப்ஸ்டிக்கையும் சேர்த்துப் பாருங்கள், பால் கலந்த நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள். தனி மெக்கானிக்கல் கேஜ் ஒன்றும், ஹெட்டின் இரும்பிலேயே பொருத்தும் சூட்டு சென்சாரோடு ஒரு அலாரமும் மாட்டிக்கொள்வது நல்ல செலவு. தண்ணீர் மொத்தமும் கொட்டிப்போனாலும் இரும்பில் இருக்கும் சென்சார் கத்தும்.

மணலில் எஞ்சின் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும், எதிர்க்காற்று கிடையாது. எல்லாப் பொறுப்பும் ஃபேன் மேல். ஃபேன் பெல்ட் இறுக்கத்தையும், ஃபேனைச் சுற்றிய கூடையையும் கிளம்பும் முன் பாருங்கள். தோப்பின் செம்மண்ணும் சருகும் ரேடியேட்டர் இடுக்கை அடைத்திருந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து மெல்லத் தண்ணீர் அடியுங்கள். முள் வழக்கத்தைத் தாண்டினால் நின்று, நியூட்ரலில் ஐடிலை விடக் கொஞ்சம் கூடுதலாக ஓட விடுங்கள், இறங்கிவிடும். இறங்காவிட்டாலோ, தண்ணீர் ஒழுகுவதோ ஆவி வருவதோ தெரிந்தாலோ உடனே அணைக்க வேண்டும். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற வரை மூடியைத் தொடாதீர்கள், சூடான பிளாக்கில் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள்.